முளைத்த விரல்கள்

அத்தியாயம் 17

“உங்கப்பாவுக்கு அந்த ரெண்டு விரலும் எப்பத்தா முளைச்சிச்சு?”

போனில் அம்மா கேட்டது கீர்த்திகாவுக்குப் புரியவில்லை. கீழே பருப்பு மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

“என்னம்மா சொல்ற?”

“உங்கப்பா வீடியோ அனுப்பியிருக்காக. கொல்லத்துக்கு லோடோட போறேன், வர ரெண்டு மூணு நாளாகும்னு. சிரிச்சுக்கிட்டே கையக் காட்டுறாக. சோத்துக்கையி. அதுல அஞ்சு விரலும் முழுசா இருக்குத்தா.”

அப்பா சங்கிலிமுத்துவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான். கீர்த்திகா மூன்றாவது படிக்கும்போது பட்டாசு மருந்து உரசித் தீப்பற்றியதில் போனது. மிச்சமிருந்த விரல்களால்தான் பள்ளிக்கூடம் போகும்போது அவளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவார். அந்தக் கையை அம்மாவும் மகளும் இருட்டில் தொட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“எனக்கு அனுப்பு” என்றாள் கீர்த்திகா.

வீடியோ வந்து சேர அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடமும் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காரணம், அம்மா பொன்மணிக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரம் கூடவே நடந்து வந்த நமக்கும் தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பொன்மணியின் தம்பி மாரிக்கண்ணன் ஒரு மருந்து அறையில் கருகிப்போனான். அவனை அடையாளம் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனவள் பொன்மணிதான். அன்றிலிருந்து தீபாவளிச் சத்தம் கேட்டால்கூடப் பல் கிட்டி விழுந்துவிடுவாள். இருக்கன்குடி மாரியம்மன் முன்னால் புருஷனை நிறுத்தி, இனி மருந்து அறைப் பக்கம் போக மாட்டேன் என்று சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பேக்கிங் வேலை, லோடு ஏற்றுகிற வேலை என்று சங்கிலிமுத்து அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றித்தான் வந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு வரை.

விஸ்வநத்தம் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் ஒரு தகர செட்டு. போர்டு கிடையாது, லைசென்ஸ் கிடையாது. சீசன் நேரத்தில் மருந்துக் கலவை போடத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று போர்மேன் முனியராஜ் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். சங்கிலிமுத்து போனார். வீட்டில் பேக்கிங் வேலை என்றார். போன ஞாயிற்றுக்கிழமை சட்டை துவைக்கும்போது, காலரில் வெள்ளியாக மின்னிய, கலவையில் சேர்க்கிற அலுமினியப் பொடியைப் பார்த்து கீர்த்திகா கண்டுபிடித்துவிட்டாள். “தீபாவளி வரைக்கும்தான் தாயி, அம்மாட்டச் சொல்லிராத” என்று அவர் கெஞ்ச, அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

வீடியோ திறந்தது.

நீலச் சட்டை. அவளுடைய பட்டமளிப்பு விழா அன்று, கல்லூரிக் காகிதப்பூச் செடிக்கு முன்னால் அவளே எடுத்த போட்டோ. அந்தப் போட்டோவில் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது அதே முகம் சிரித்தது. கண் சிமிட்டியது. கீழேயிருந்து வலது கை மெதுவாக எழுந்து அசைந்தது. ஐந்து விரல்கள். நகம் முதற்கொண்டு சுத்தமாக.

தலைமுடி காற்றில் ஆடியது. பின்னால் ஒரு காகிதப்பூகூட அசையவில்லை.

“பொன்மணி, கொல்லத்துக்கு லோடோட போறேன். வர ரெண்டு மூணு நாளாகும். பயப்படாத. பிள்ளைட்டயும் சொல்லிரு.”

குரல் அப்பாவுடையதுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உதடு ஒன்று பேசியது, குரல் ஒன்று பேசியது.

கீர்த்திகா போனை மேசையில் வைத்தாள். அதைச் செய்தது எது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவள் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

‘சேதி’ என்று ஒரு மெசேஜ் ஆப். சிவகாசிச் சுற்று வட்டாரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் வைத்திருப்பது. பழைய போனிலும் ஓடும், சிக்னல் சரியில்லாத இடத்திலும் ஓடும். அதில் ஒரே ஒரு போட்டோவைக் கொடுத்தால் ஆறு நொடி வீடியோவாக்கித் தருகிற வசதியைச் செய்வது இந்த மாடி அறையில் இருக்கும் ஒன்பது பேர். குரலைப் பேசிச் சேர்த்தால், பேச்சு முடியும் வரை அந்த ஆறு நொடியே திரும்பத் திரும்ப ஓடும். பெரிய கம்பெனிகள் இதற்கென்று ஒரு கட்டடம் நிறைய கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள். இவர்கள் அதை நாலு வருஷப் பழைய போனுக்குள்ளேயே, நெட் இல்லாமல் ஓட வைத்தார்கள்.

எப்படி என்று கேட்டால், வேலையைக் குறைத்துத்தான். ஆறு நொடிக்கு நூற்றைம்பது படம் வேண்டும். போன் தாங்காது. அதனால் பதினாறு படம் மட்டும் வரைந்துகொண்டு, நடுவில் இருப்பதை ஊகித்து நிரப்பிவிடும். முகத்தையும் கையையும் மட்டும் அசைக்கும். பின்னால் இருப்பதைத் திரும்ப வரையாது. போட்டோவில் இல்லாத எதுவும் தேவைப்பட்டால், உலகத்தில் பொதுவாக அது எப்படி இருக்குமோ அப்படிப் போட்டுக்கொள்ளும். உலகத்தில் பொதுவாகக் கைக்கு ஐந்து விரல்.

கீர்த்திகாவின் மேசை இழுப்பறையில் பதினான்கு பழைய போன்கள் கிடந்தன. கண்ணாடி உடைந்தது, பேட்டரி உப்பியது எல்லாம். ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு சூடாகிறது, எத்தனை நொடி ஆகிறது என்று குறிப்பது அவள் வேலை.

வீடியோவின் மூலையில் ஒரு சின்னக் குறி இருக்க வேண்டும். இது நிஜமாக எடுத்தது இல்லை என்று சொல்கிற குறி. ஒவ்வொரு படத்திலும் அதைப் பதிக்கப் பழைய போன்களில் இரண்டு நொடி கூடுதலாக ஆனது. எடுத்துவிடலாம் என்றார் முதலாளி ராம்குமார். எடுத்தார்கள். எடுத்த பிறகு பதினான்கு போனிலும் ஓட்டிப் பார்த்து, ‘சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் கீர்த்திகா.

அப்பா நம்பருக்கு அடித்தாள். சுவிட்ச் ஆஃப்.

முனியராஜ் நம்பருக்கு அடித்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

“அண்ணாச்சி, அப்பா எங்க?”

“லோடு வண்டில போயிருக்காரும்மா. மலைப் பாதை, சிக்னல் இருக்காது.”

“எத்தனை மணிக்குக் கெளம்புனாக?”

“அது... வெள்ளன. வேஸ்ட் மருந்து எரிச்ச சத்தம்தாம்மா அது, வேற ஒண்ணுமில்ல. ஊர்ல ஆயிரம் பேசுவாக.”

கீர்த்திகா எந்தச் சத்தத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

லைன் அறுந்தது. அவள் எழுந்து போய் ராம்குமாரிடம் வீடியோவைக் காட்டினாள். வத்தல் மண்டிக் குடும்பத்துப் பிள்ளை. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு, “நம்மளோடதுதான். கை எவ்வளவு நல்லா வந்திருக்கு!” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“இது எங்க அப்பா சார். அவருக்கு ரெண்டு விரல் கிடையாது.”

ராம்குமார் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “நீ கெளம்பு. எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்க” என்றார். அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கம்பெனி பேரு மட்டும் எங்கயும் வராமப் பாத்துக்க கீர்த்திகா” என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள்.

*

சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆமத்தூர் தாண்டும் வரை தெற்கே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். புகை தெரிகிறதா என்று. எதுவும் இல்லை. புரட்டாசி வெயில் சுத்தமாக அடித்தது.

காதில் இயர்போனை மாட்டி, வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டாள். படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டாள்.

குரல் நிஜம் என்றால், குரலுக்குப் பின்னால் இருப்பதும் நிஜம்.

நாலாவது தடவை கேட்டபோது பிடிபட்டது. லாரி சத்தம் இல்லை. ரோட்டுச் சத்தம் இல்லை. ‘பயப்படாத’ என்று அப்பா சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சுக்கு நடுவில், தூரத்தில் இரண்டு மணிச் சத்தம். அதன் பிறகு ஒரு பெண் குரல்.

“டோக்கன் நாப்பத்தி ஒண்ணு.”

போன் கீர்த்திகாவின் மடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், “என்னத்தா, தண்ணி குடிக்கியா?” என்று பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் அதே இடத்தைப் போட்டுக் கேட்டாள்.

*

பஸ் ஸ்டாண்டில் பொன்மணி நின்றாள். கூடவே சோலையம்மாளும் நின்றாள்.

சோலையம்மாள் இவர்களுக்கு அடுத்த வீடு. கீர்த்திகாவுக்குப் பெரியம்மா முறை. புருஷன் இல்லை, ஒரே மகன் பாலகுரு. சங்கிலிமுத்துவோடு அதே செட்டில், கலவைக்குக் கை உதவியாக இருக்கிறவன். மூன்று வாரமாக இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போய் வருகிறார்கள். அவளிடமும் பேக்கிங் வேலை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

“உங்கம்மாவப் பாரு கீர்த்தி, மூஞ்சி செத்துப்போயி நிக்கிறா” என்றாள் சோலையம்மாள். “எம் மவனும்தான் வீடியோ அனுப்பியிருக்கான். ரெண்டு பேரும் கொல்லத்துக்குப் போயிருக்காங்க. நானு பயந்தா நிக்கேன்?”

“காட்டுங்க பெரியம்மா.”

சோலையம்மாள் முந்தானையில் போனைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

வெள்ளைச் சட்டையில் பாலகுரு. ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவாக இருக்க வேண்டும். சிரித்தான், தலையாட்டினான், கையை உயர்த்தி அசைத்தான். பின்னால் வாழைமரத் தோரணம் சுவரில் வரைந்த மாதிரி அசையாமல் நின்றது. ஆறு நொடி. முடிந்துவிட்டது.

கீர்த்திகா ஒலியைக் கூட்டிவிட்டு மறுபடி போட்டாள்.

சத்தமே இல்லை.

கீழே எழுத்தில் ஒரு வரி. ‘அம்மா கொல்லம் போறேன். நெட் இல்ல பேச முடியாது. சாப்புடு.’

“பெரியம்மா, அண்ணன் எப்பவும் இப்படி எழுதியா அனுப்புவாக?”

“எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? ‘யம்மா’னு ஆரம்பிச்சுப் பேசித்தான் அனுப்புவான். இன்னைக்கு உங்கம்மாதான் வாசிச்சுச் சொன்னா. நெட்டு இல்லேங்கான்ல, பாவம். நான் அடிச்சா மணி அடிக்கி, எடுக்கத்தான் மாட்டேங்கான்.”

பொன்மணியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச முடிந்தவர் பேசியிருக்கிறார் என்ற நினைப்பு கீர்த்திகாவின் தலைக்குள் வந்தது. அதற்கு மேல் நினைக்காமல் இருக்க அவள் உதட்டைக் கடித்தாள்.

இயர்போனை அம்மா காதில் வைத்தாள். “அப்பா பேச்சக் கேக்காத. பின்னாடி ஒரு மணிச் சத்தம் வரும், அதக் கேளு.”

பொன்மணி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் தடவையிலேயே கண் திறந்துவிட்டது.

“இது நான் முட்டிக்குக் காட்டுற ஆஸ்பத்திரி. இந்த மணிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு எத்தன நாளு உக்காந்திருக்கேன்.”

“ஆஸ்பத்திரியா?” என்றாள் சோலையம்மாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. “யாருக்கு என்ன?”

*

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். சோலையம்மாள் வெளியே பார்த்தபடி, “மாரியாத்தா, மாரியாத்தா” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கீர்த்திகாவால் அடக்க முடியவில்லை. அம்மாவின் காதோரம் குனிந்தாள். “யம்மா, அப்பா பேக்கிங்குக்குப் போகல. மருந்து ரூமுக்குத்தான் போனாக.”

பொன்மணி திரும்பவில்லை. “எம்புட்டு நாளா?”

“மூணு வாரம்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ஞாயித்துக்கெழமை.”

மகளின் தோள்மேல் கிடந்த கையைப் பொன்மணி எடுத்துக்கொண்டாள். ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும் வரை அந்தப் பிடியை விடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கீர்த்திகாவுக்கு.

கவுன்ட்டரில் இருந்த பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். “சங்கிலிமுத்துன்னு யாரும் அட்மிட் ஆகலையே.”

“நல்லாப் பாருங்க.”

“இல்லீங்க. பேரே இல்ல.”

கீர்த்திகா போனைக் கவுன்ட்டர்மேல் வைத்து, ஒலியை முழுசாகக் கூட்டி வீடியோவைப் போட்டாள். ‘பயப்படாத.’ மூச்சு. இரண்டு மணி. ‘டோக்கன் நாப்பத்தி ஒண்ணு.’

அந்தப் பெண்ணுக்குத் தன் குரல் தெரியாமல் இருக்குமா? முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“எங்களச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அக்கா” என்றாள் மெதுவாக. “ரெண்டாவது மாடி. கடைசி ரூம். ரெண்டு பேர்தான் போகலாம்.”

சோலையம்மாள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். “நீங்க போங்க. எம் மவன் கூடத்தான் நிப்பான். அம்மா கீழ இருக்கான்னு சொல்லி அவன அனுப்பிவிடு கீர்த்தி.”

*

கதவைத் திறந்ததும் மருந்து வாடை. அதற்கு அடியில், எத்தனை மருந்து போட்டாலும் மறையாத இன்னொரு வாடை. பொன்மணி அந்த வாடையை ஏழு வருஷத்துக்கு முன்னால் அறிந்தவள். கீர்த்திகா அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள், விழுந்தால் பிடிக்க.

பொன்மணி விழவில்லை.

கட்டிலில் கிடந்தவருக்கு முகம் முழுக்கக் கட்டு. ஒரு கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. இரண்டு கையும் துணிப் பொட்டலமாக வயிற்றின்மேல் கிடந்தன. பக்கத்தில் இன்னொரு கட்டில். அதில் விரித்த விரிப்பு கசங்காமல் இருந்தது.

“வந்துட்டியா?” என்றது அப்பாவின் குரல்.

பொன்மணி கிட்டே போய் நின்றாள். எங்கே தொடுவது என்று தெரியாமல் கை காற்றில் அலைந்தது. கடைசியில் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அது மட்டும்தான் வெந்துபோகாமல் இருந்தது.

“நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றாள். “எனக்கு எதுக்குப் படம் அனுப்புறீக?”

“இந்த மூஞ்சிய நீ பாக்கக் கூடாதுன்னுதான்...”

“பாத்துட்டேன்ல. இந்தா நிக்கேன்ல. விழுந்தா போயிட்டேன்?”

சங்கிலிமுத்துவின் ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வழிந்து கட்டுக்குள் இறங்கியது. கட்டுப் போட்ட கையால் அவருக்குத் துடைக்க முடியவில்லை. பொன்மணி முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது.

“முனியராஜ்ட்ட நாந்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டேன்” என்றார் அவர். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. “ஊருக்குத் தெரிய வேண்டாம், லைசென்ஸ் இல்லாத எடம், ரெண்டு நாள் பொறுத்துக்கங்கன்னு அவரு கெஞ்சினாரு. பொன்மணி பயந்துருவாளேன்னு நானு கெஞ்சினேன். என் போன்ல அந்தப் போட்டோ ஆட்டுறது இருக்குன்னு நாந்தான் சொன்னேன். பாப்பா ஏத்திக் குடுத்துச்சில்ல. ‘பாருங்கப்பா, நான் செஞ்சது’னு சொல்லி.”

ஏற்றிக் கொடுத்த நாள் கீர்த்திகாவுக்கு ஞாபகம் வந்தது. அவர் போட்டோவைச் சிரிக்க வைத்துக் காட்டியதும், அவர் விழுந்து விழுந்து சிரித்ததும், “பாலகுருக்கும் ஏத்திக் குடு தாயி” என்றதும், அடுத்த வீட்டுக்கு ஓடி அவனுக்கும் ஏற்றிக் கொடுத்ததும்.

“யப்பா” என்றாள். பக்கத்துக் கட்டிலின் கசங்காத விரிப்பைப் பார்த்துக்கொண்டே மறுபடி கூப்பிட்டாள். “யப்பா, பாலகுரு அண்ணன் எங்க?”

சங்கிலிமுத்து விட்டத்தைப் பார்த்தார்.

“நான் வாசல்ல நின்னேன். தண்ணி குடிக்க வந்தேன். அவன் உள்ள மருந்து சலிச்சுக்கிட்டு இருந்தான். ‘மெதுவாலே, மெதுவா’ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.” நிறுத்தினார். “அம்புட்டுத்தான் தெரியும். கண்ண முழிச்சா இங்கன கெடக்கேன். அவன எங்க கொண்டு போனாகன்னு நானு கேட்டேன். மதுரைன்னாரு ஒருத்தரு. எனக்குத் தெரியாதுன்னாரு இன்னொருத்தரு.”

“அவன்தான் வீடியோ அனுப்பியிருக்கானே” என்றாள் பொன்மணி. “கொல்லம் போறேன்னு, எனக்கு வந்ததுக்குப் பின்னாலயே. சோலையக்கா கீழ உக்காந்திருக்காக.”

கட்டுக்குள் இருந்த கண் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

“என்ன வீடியோ?”

“உங்களது மாதிரியே. சிரிச்சுக் கையக் காட்டுறான்.”

“அவன் எப்படி அனுப்புவான்?” என்றார் சங்கிலிமுத்து. அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாது பொன்மணி. எனக்குத்தான் நானு கேட்டேன். அவனுக்கு நான் கேக்கல. மருந்து ரூமுக்குள்ள போனக் கொண்டு போகக் கூடாதுன்னு, வேப்பமரத்தடியில டப்பாவுக்குள்ள போட்டுட்டுத்தான் ரெண்டு பேரும் போனோம். அவன் போன யாரு எடுத்தா?”

*

கீர்த்திகா படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் யோசித்தாள். அடுத்த படியில் அது உதவாது என்று தெரிந்தது.

சோலையம்மாள் அவளைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“ஏத்தா கீர்த்தி, ஒங்கப்பா எப்படி இருக்காரு? நானு இங்க கெடந்து தவிச்சேன், தெரியுமா? இப்பத்தான் உசுரு வந்துச்சு. எம் மவன் மறுபடியும் அனுப்பியிருக்கான். இந்தா, இப்பத்தான். ரெண்டு நிமிசம்கூட ஆகல. என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சுச் சொல்லு.”

வேறு போட்டோ. இருக்கன்குடி ஆற்றுமணலில் மொட்டைத் தலையோடு பாலகுரு. சிரித்தான். கையை உயர்த்தினான். அசைத்தான். மணலில் அவன் நிழல் மட்டும் கையை உயர்த்தவில்லை.

கீழே ஒரு வரி. ‘அம்மா வண்டி ஓடுது. நல்லா இருக்கேன்.’

கீர்த்திகா வாசித்துச் சொல்லவில்லை. சோலையம்மாளின் போனிலேயே பாலகுருவின் பெயரைத் தொட்டுக் கூப்பிட்டாள். மணி அடிக்கும், எடுக்க மாட்டான் என்று தெரிந்தேதான் அடித்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அடித்தாள்.

உறுமிமேளச் சத்தம் கேட்டது.

போனுக்குள் இருந்து இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் கேன் வைத்திருந்த மூலையில் இருந்து.

திரும்பினாள். போர்மேன் முனியராஜ் கையில் பேப்பர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. டம்ளரைப் போட்டுவிட்டுப் பையைப் பொத்தினார். உறுமிச் சத்தம் அவர் கைக்குள்ளிருந்து மங்கலாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. டோக்கனுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“பெரியம்மா...” என்று கீர்த்திகா கையைப் பிடித்தாள்.

சோலையம்மாள் அந்தக் கையை விலக்கிவிட்டு நடந்தாள். ஓடவில்லை. முட்டி வலிக்கிற பெண்கள் ஈரத் தரையில் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு அடியாக வைத்துப் போய் முனியராஜுக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டினாள்.

“குடு.”

“யக்கா, நான் சொல்லுறதக் கேளுங்க...”

“எம் மவன் போனக் குடு.”

அவர் எடுத்துக் கொடுத்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் ‘யம்மா’ என்று எழுதி, அவளுடைய படம் தெரிந்தது. எழுத்து அவளுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தாள். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு முனியராஜின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. கவுன்ட்டர் பெண்ணுக்குக்கூடக் கேட்காத குரலில்தான் கேட்டாள்.

“எங்கனய்யா வச்சிருக்கீக அவன?”